கரமனை – கிள்ளிப்பாலம், இரண்டு பேர்

மைனி எங்கே போகிறாள், எப்போது திரும்புகிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வேவு பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நானா கேட்டேன்? அதுவாக என் போனில் வந்து விழுகிறது.

விஷயம் இவ்வளவுதான். சிட்டி பஸ்ஸில் கார்டு வந்த புதிதில், வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு நான்தான் அலைந்து இரண்டு கார்டு வாங்கி வந்தேன். ஒன்று எனக்கு. இன்னொன்று என் அண்ணன் பகவதிப்பெருமாளின் மனைவி சுஜா மைனிக்கு. அண்ணனுக்குத் தனியாக வேண்டாமாம். அவன் பஸ் ஏறுவதே மைனியோடு போகும்போதுதான், அவள் கார்டிலேயே இரண்டு டிக்கெட் எடுத்துக்கொள்வார்களாம். பதியும்போது போன் நம்பர் கேட்டார்கள். "உன் நம்பரையே குடு உலகு, எனக்கு வர்ற மெசேஜை யாரு வாசிக்கது" என்றாள் மைனி. எங்கள் வீட்டில் காஸ், கரண்ட், பால் எல்லாவற்றுக்கும் என் நம்பர்தான். இதற்கும் கொடுத்துவிட்டேன். கண்டக்டர் மிஷினில் கார்டை வைத்தால் கிர்ரென்று டிக்கெட் வரும். உடனே என் போனில் டிங் என்று ஒரு மெசேஜ் வரும். எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கப் போகிறார்கள், எத்தனை பேர், கார்டில் எவ்வளவு மிச்சம் என்று எல்லாம் அதில் இருக்கும்.

அப்போது நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. அண்ணன் மகள் ஆதிராவைக் குளிப்பாட்டி, சடை பின்னி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட்டு வளர்த்தவள் நான். அவளைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் வினை. பையனின் அம்மா காபியைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கே, பொண்ணு போட்டதா?" என்று கேட்டார்கள். "அவளுக்கு அடுப்புப் பத்த வைக்கவே தெரியாது, நான் போட்டது" என்றேன். நான் சொன்னது பொய்யா? வந்தவர்கள் சிரித்தார்கள், சம்மதமும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஆனால் அவர்கள் தெருமுனை தாண்டியதும் மைனி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்தவங்க முன்னாடி என் மகளை நாணங்கெடுத்திட்டேல்லா. இனிமே இவ காரியத்துல நீ வாயத் தொறக்காதே."

இவ காரியமாம். எனக்கு அவள் யாரோவாம். அண்ணன் வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வாரமே ஒரு பெட்டியையும் என் குக்கரையும் எடுத்துக்கொண்டு கரமனையில் ஒரு மாடி அறைக்கு வந்துவிட்டேன். வேலை தம்பானூரில் ஒரு லாட்ஜில், வரவேற்பு மேஜையில். கரமனையில் ஏறினால் நேராக தம்பானூர். நடுவில் வலியசாலைக்குப் பக்கத்து ஸ்டாப்பான கிள்ளிப்பாலம் வரும். அது வரும்போது மட்டும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மெசேஜ் மட்டும் நிற்கவில்லை. மைனி சாலைக் கம்போளத்துக்குச் சாமான் வாங்கப் போனாள், கோயிலுக்குப் போனாள், பல் டாக்டரிடம் போனாள். மிச்சம் குறைந்தால் அதற்கும் ஒரு மெசேஜ் வரும். நானும் போன் வழியே பணம் போட்டுவிடுவேன். சண்டை சண்டை, பஸ் பஸ். பஸ்ஸில் நாலு பேர் முன்னால் அவள் முழித்துக்கொண்டு நின்றால் அது எங்கள் வீட்டுக்குத்தானே கேவலம்.

ஆவணியில் ஆதிராவுக்குக் கல்யாணம் என்று குறித்தார்கள். அவள் வேலை பார்க்கிற பெங்களூரில் இருந்து போன் பண்ணினாள். "நீ வராம நான் மணையில உக்கார மாட்டேன் அத்தை" என்றாள். "உங்கம்மா முறையா வந்து கூப்பிட்டா வருவேன்" என்றேன். அது என் பிடிவாதம்தான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, தட்டில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்து, வாயால் வாருங்கள் என்று சொல்ல வேண்டும். கூப்பிடாத வீட்டுக்கு நான் போய் ஓரமாக நிற்க மாட்டேன். அவள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமல் இருக்கவும் என்னால் முடியாது. இதுதான் என் நிலைமை.

ஆவணி பிறக்கும் முன்பே மெசேஜ்கள் இரண்டு பேர், இரண்டு பேர் என்று வரத் தொடங்கின. அண்ணனும் மைனியும் அழைக்கக் கிளம்பிவிட்டார்கள். கிள்ளிப்பாலம் – பேட்டை, இரண்டு பேர். அது எங்கள் மாமா வீடு. கிள்ளிப்பாலம் – நேமம், இரண்டு பேர். அது மைனியின் ஒன்றுவிட்ட தங்கை வீடு. கல்யாணத்தில் பாயசம் சரியில்லை என்று சொல்வதற்கென்றே வருகிறவள், அவளுக்கு அழைப்பு உண்டு. ஒவ்வொரு மெசேஜும் எனக்கு நெஞ்சில் ஒரு குத்து.

என்னோடு மேஜையில் இருக்கும் மலையாளப் பெண் ஸ்வப்னா பார்த்துக்கொண்டே இருந்தாள். "சேச்சி, ஆ நம்பர் மாற்றிக்கூடே? எந்தினா வெறுதே டென்ஷன்?" என்றாள்.

"உன் வேலையப் பாரு" என்றேன். நம்பரை மாற்றிவிட்டால் பிறகு எனக்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது.

ஒருநாள் மத்தியானம், தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் வந்து லாட்ஜில் ஒரே கூட்டம். ஆதார் கார்டுகளை நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது டிங் என்றது. கிள்ளிப்பாலம் – கரமனை, இரண்டு பேர்.

எனக்குக் கை ஓடவில்லை. கரமனையில் நான் இல்லாமல் வேறு யார். "தலைவலி, நான் போறேன்" என்று ஸ்வப்னாவிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஆட்டோ பிடித்தேன். வழியில் பாலும் பூவும் வாங்கினேன். கட்டிலில் கிடந்த துணிகளை வாரி அலமாரிக்குள் திணித்தேன். கீழ் வீட்டில் இரண்டு நாற்காலி கேட்டு வாங்கி வந்து போட்டேன். நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, டிக்காஷன் இறக்கி, பாலை அடுப்பில் வைத்தேன். வந்ததும் முகம் கொடுத்துப் பேசக் கூடாது, காபி குடித்த பிறகு வேண்டுமானால் பேசலாம் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டேன். படியில் காலடி கேட்கும்போதெல்லாம் முந்தானையைச் சரிசெய்தேன். கீழ் வீட்டுப் பிள்ளைகள்தான்.

பால் பொங்கி அணைத்து, ஆறி, மறுபடி சுடவைத்தபோது டிங் என்றது. கரமனை – கிள்ளிப்பாலம், இரண்டு பேர்.

திரும்பிப் போய்விட்டார்கள். அண்ணனின் பழைய ஆபீசர் சேஷன் சார் வீடு இங்கே அக்ரகாரத்தில் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் அறைக்கு இரண்டு தெரு தள்ளி. அதுவரை வந்தவர்களுக்கு இங்கே ஏற மனசு வரவில்லை. அன்றைக்கு நான் நன்றாக அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம். நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "வரல்லையா?" என்று கீழ் வீட்டில் கேட்டார்கள். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

அடுத்த நாள் மைனியின் கார்டில் மிச்சம் குறைந்துவிட்டதாக மெசேஜ் வந்தது. நான் பணம் போடவில்லை. கண்டக்டர் முன்னால் நிற்கட்டும், அப்போதாவது என் அருமை தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்து சாயங்காலம் தம்பானூரில் பஸ் ஏறி, முன்னால் பெண்கள் சீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். கிள்ளிப்பாலத்தில் கூட்டம் ஏறியது. கூட்டத்தோடு மைனியும் ஏறினாள். தனியாக வந்திருந்தாள். கையில் தட்டு இல்லை, குங்குமச் சிமிழ் இல்லை, ஒரு பெரிய வெறும் துணிப்பை மட்டும். சரி, அழைக்கவும் வரவில்லை, என்னவோ வாங்கப் போகிறாள் என்று நினைத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். எனக்குப் பின்னால் இரண்டு சீட் தள்ளி அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் சிக்னலில் மாட்டி நின்றது.

கண்டக்டர் வந்து கார்டை மிஷினில் வைத்தார். டிக்கெட் வரவில்லை.

"சேச்சீ, இதில் பைசா இல்லல்லோ. சில்லற எடுக்கூ."

வந்தது அந்த நேரம் என்று எனக்குக் காதெல்லாம் சூடானது. மைனியிடம் பணம் இல்லாமல் இல்லை. இடுப்பில் பர்ஸ் இருக்கிறது. ஆனால் அவள் அதைத் தொடவில்லை.

"உண்டாகும் சாரே. ஒண்ணுகூடி வெச்சு நோக்கூ. என்றெ நாத்தூன் இட்டிருக்கும். அவள் மறக்கில்லா."

இன்னொரு தடவை வைத்துப் பார்க்க வேண்டுமாம், நாத்தூன் பணம் போட்டிருப்பாளாம், மறக்க மாட்டாளாம். நாத்தூன் என்றால் நாத்தனார். அது நான்.

"சேச்சி, மிஷின் இல்லன்னு பறயுன்னு" என்றார் கண்டக்டர்.

"மிஷினுக்கு எந்தறியாம்? இத்ர நாள் ஒருக்கலும் தீர்ந்திட்டில்லா. அவள் இட்டோளும்."

இவ்வளவு நாளில் ஒரு தடவைகூடத் தீர்ந்ததில்லையாம். நான் போட்டுவிடுவேனாம். அதைப் பஸ் முழுக்கக் கேட்கச் சொல்கிறாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்டக்டர் அலுத்துக்கொண்டு, "ஞான் பின்னிலோட்டு போயிட்டு வராம், சில்லற எடுத்து வெக்கூ" என்று பின்பக்கம் போனார்.

எனக்குக் கண் மறைத்தது. மடியிலிருந்து போனை எடுத்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அமுக்கிவிட்டேன். மைனியின் கார்டைத் தேடி, பணத்தைப் போட்டு, ரகசிய எண்ணை அடித்தால் அந்தச் சனியன் பிடித்த போன் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் விழுந்து பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் திரும்பி வருகிறார். முருகா, இந்த ஒரு தடவை, என்று வேண்டிக்கொண்டேன். பச்சை டிக் விழுந்தது.

"சேச்சி, சில்லற?"

"கார்டு வெக்கூ சாரே."

கண்டக்டர் நம்பிக்கையில்லாமல்தான் வைத்தார். கிர்ரென்று டிக்கெட் வந்தது.

"ஞான் பறஞ்ஞில்லே" என்றாள் மைனி, நான்தான் சொன்னேனே என்று, ஒரு ராணி மாதிரி.

அதே நேரம் என் மடியில் டிங் என்றது. சத்தத்தைக் குறைத்து வைக்கத் தோன்றியிருந்தால்தானே. மைனி திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கூட்டத்தை விலக்கி என் சீட்டருகே வந்து நின்றாள்.

"எப்போ போட்டே?"

"இப்போதான்."

"அப்போ இத்தன நாளும் போடல்லையா?"

"ரெண்டு நாளா போடல்ல. கோவத்துல."

"நல்லாருக்குட்டி. நான் இங்க ஊரு முன்னாடி நாத்தூன் நாத்தூன்னு பெருமையடிக்கேன், நீ ஜன்னலப் பாத்துட்டு இருக்கே."

அவள் கண்ணும் நனைந்திருந்தது. நான் கேட்காமல் விடுவேனா. "அன்னைக்கு சேஷன் சார் வீட்டுக்கு வந்தீங்கல்லா. ரெண்டு தெருதானே. எனக்கு ஒரு பத்திரிகை வைக்க ஒங்க ரெண்டு பேருக்கும் கால் வரல்ல."

மைனி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "பத்திரிகையா? ஒனக்கா? வீட்டு ஆளுக்கு எவளாவது பத்திரிகை வைப்பாளா? நீ எங்கூட நின்னு ஊரக் கூப்பிட வேண்டியவ. போற எடத்துல எல்லாம் உலகம்மை எங்கே, உலகம்மை எங்கேன்னு கேட்டு உயிர வாங்குதாங்க. லாட்ஜுல லீவு கெடைக்கல்லன்னு வாய் கூசாம பொய் சொல்லிட்டுத் திரியுதேன்."

"அப்படின்னா அன்னைக்கு ஒரு எட்டு வந்திருக்கலாம்லா."

"பட்டப்பகல்ல நீ ஜோலியில இருப்பேன்னுதானே திரும்பினோம். வீட்டுல என்ன பண்ணிட்டு இருந்தே?"

பாலைக் காய்ச்சிக்கொண்டு இருந்தேன் என்று எப்படிச் சொல்வது.

"கார்டுல பணம் வந்துக்கிட்டே இருந்துது. சரி, மனசுல ஒண்ணும் இல்ல, ரெண்டு நாள்ல தானா வந்திருவான்னு இருந்தேன். நீ வரல்ல. நாளைக்குப் பந்தக்கால் நடணும். ஆதிராவும் வந்தாச்சு, அத்தை எங்கேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா." மைனி குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, கேட்டியா. மாப்பிள்ளைக்கு அம்மா நேத்துகூட போன்ல சொல்லுதாங்க, கல்யாணத்தன்னைக்கும் அந்த அத்தை காபிதான் வேணுமாம்."

"இப்போ கூப்பிட வந்தீங்களாக்கும்."

"கூப்பிட வரல்ல. கூட்டிட்டுப் போக வந்தேன்." அந்தத் துணிப்பையை என் மடியில் போட்டாள். "ஒந்துணிமணிய எடுத்து வைக்கத்தான் இது."

கரமனையில் இறங்கி, அறையைப் பூட்டி, சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்தேன். குக்கரை மைனி தூக்கிக்கொண்டாள். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறியதும் நான் என் கார்டை நீட்டினேன். மைனி என் கையைத் தட்டிவிட்டு அவள் கார்டைக் கொடுத்தாள். "ரெண்டு கிள்ளிப்பாலம்" என்றாள்.

என் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தேன். கரமனை – கிள்ளிப்பாலம், இரண்டு பேர். பால் காய்ச்சிவைத்துக் காத்திருந்த அன்று என்னை அழவைத்த அதே வரி. இந்தத் தடவை அந்த இரண்டு பேரில் ஒரு ஆள் நான்.