பீரோவுக்குள் இருந்த வைஃபை

மூன்று மணிக்கு எனக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலை. பதினோரு வருடம் வீட்டோடு கிடந்துவிட்டு நான் கேட்டிருக்கும் முதல் வேலை. தேர்வு போன வாரமே முடிந்திருக்க வேண்டியது. பாதியில் படம் நின்று, திறந்த வாயோடு நானும் அதில் நின்றுவிட்டேன். அவர்கள் பெரிய மனசு பண்ணி இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள்.

வைஃபை ரவுட்டர் விற்கும் கடை திறந்ததும் திறக்காததுமாகக் கணவரை இழுத்துக்கொண்டு போனேன். மனிதர் நேராக கொம்பு மாதிரி எட்டு ஆன்டெனா நீட்டிய ரவுட்டர் முன்னால் போய் நின்றார்.

"இதுதான். என்னமா மிரட்டுது பாரு."

"மிரட்டுறதுக்கா வாங்க வந்தோம்? பின்னறைக்கு எட்டணும், அவ்வளவுதான்."

கடைக்காரம்மா அவசரப்படவில்லை. எத்தனை அறை, எத்தனை ஃபோன், பழைய ரவுட்டர் வாங்கி எத்தனை வருஷம் என்று விசாரித்துவிட்டு, "இப்ப இருக்கிறத எங்க வச்சிருக்கீங்க?" என்றார்.

"பீரோல." கணவர் குரலில் பெருமை வழிந்தது. "தூசி படக்கூடாதுன்னு பூட்டி வச்சிருக்கேன். ஒயர் போக பின்பக்கம் ஓட்டை போட்டாச்சு."

"இரும்பு பீரோவா?"

"பின்ன?"

"இரும்புக்குள்ள அடைச்சா சிக்னல் எப்படிங்க வெளிய வரும்? எட்டுக் கொம்பு என்ன, எண்பது இருந்தாலும் வராது."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஒரு பிடி பிடித்திருப்பேன். ஆனால் பீரோவில் வைக்கலாமா என்று இவர் கேட்டபோது தலையாட்டியவள் நான்.

"பழசும் ரொம்பப் பழசு. உங்க வீட்டுக்கு இது தாராளம்," என்று இரண்டு கொம்பு வைத்த சின்னதை எடுத்து வைத்தார். கணவர் முகம் தொங்கிவிட்டது. எனக்கோ கை பரபரத்தது.

வீட்டுக்கு வந்து அதைக் கூடத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தோம்.

"மேல ஒரு துணியாவது போடட்டுமா?"

"கைய எடுங்க."

பின்னறைக்கு ஓடினேன். ஃபோனில் எல்லாக் கோடும் நிறைந்திருந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இரண்டு தடவை கூடத்துக்கும் அறைக்கும் ஓடிப் பார்த்தேன். எங்கேயும் குறையவில்லை.

மூன்று மணி. கணவர் கதவுக்கு வெளியே மூச்சுக் காட்டாமல் நின்றார். நாற்பது நிமிடம் கேள்வி மேல் கேள்வி. படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை. முடிவில் கேள்வி கேட்ட பதிப்பகத்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "திங்கட்கிழமையே சேர்ந்துக்க முடியுமா?" என்று கேட்டார்.

ஓர் எழுத்து விடாமல் கேட்டது. கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, சத்தத்தை முழுதாகக் கூட்டினேன்.

"மன்னிச்சுக்குங்க, விட்டு விட்டுக் கேக்குது. இன்னொரு தடவை சொல்றீங்களா?"