இடது கிருதா

பரிசோதனை முடிவு வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சலூன் கடையைத் திறக்குமுன் அப்பா அவனுக்கு முடி வெட்டிவிட்டார். தொண்டை கட்டி இரண்டு மாதமாகியும் வாய் மட்டும் ஓயவில்லை.

"உனக்கு இடது காது ஒரு நூல் தாழ்வு. அதுக்கேத்த மாதிரிதான் இடது கிருதாவை இறக்கி வைக்கிறேன். உனக்குப் பொண்ணு குடுத்தவங்களுக்கே இது தெரியாது."

"வெளியே சொல்லிடாதீங்கப்பா. திருப்பிக் கூட்டிட்டுப் போயிடப் போறாங்க."

முடிவு வந்தது. அப்பாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய். முதலில் பார்த்த மருத்துவமனையில் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அவன் விசாரிக்காத ஆளில்லை, ஏறாத படியில்லை. கடைசியில் இந்த நோய்க்கென்றே இருந்த ஒரு மருத்துவர் முன்னால், ஸ்கேன் படங்களை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவோடு உட்கார்ந்தான்.

"ஆபரேஷன் பண்ணினா பிழைக்க வாய்ப்பு கூடுதல். ஆனா இந்தக் குரல் போயிடும். கதிர்வீச்சும் மருந்தும் குடுத்தா குரல் தங்கலாம். நோய் திரும்பி வந்துட்டா கஷ்டம்" என்றார் மருத்துவர்.

"ஆபரேஷனே பண்ணிடுங்க டாக்டர்" என்றான்.

"தொண்டை உங்களுதா?"

அப்பாவுக்கு வந்த சிரிப்பு இருமலில் முடிந்தது. "கையில சவரக்கத்தியை வெச்சுக்கிட்டு ஒருத்தன் வாயே திறக்காம நின்னா, எவன் டாக்டர் கழுத்தை நீட்டுவான்?"

வெளியே வந்ததும் அவன் கெஞ்சினான். "கத்தியே பிடிக்க வேண்டாம்பா. சும்மா வீட்டுல இருங்க. நீங்க இருந்தா போதும்."

"உனக்குப் போதும்டா" என்றார் அப்பா.

கதிர்வீச்சு கொடுத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. தண்ணீர்கூட முள்ளாக இறங்கியது. ஆனால் குரல் தங்கியது. ஒரு வருஷம் கடையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அப்புறம் நோய் நுரையீரலில் வந்து நின்றது. இனி வெட்டி எடுக்க வழியில்லை என்று அதே மருத்துவர் சொன்னார். கடைசி வாரம்கூட அப்பா, பக்கத்துக் கட்டில்காரரின் மீசை கோணல் என்று நர்ஸிடம் புகார் சொன்னார்.

அன்றைக்கே ஆபரேஷன் செய்திருந்தால்? அவன் தன்னையே கேட்டுப் பார்க்கிறான். ஒவ்வொரு தடவையும் வேறு பதில் வருகிறது.

இப்போது வேறு கடையில் முடி வெட்டிக்கொள்கிறான். போன வாரம் வெட்டியவர் பேசாமல் வேலையை முடித்தார். சீப்பை வைத்து இரண்டு கிருதாவையும் அளந்தார்.

"பாருங்க சார், ரெண்டும் சமமா இருக்கு."

கண்ணாடியில் முகம் ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தது. இடது காது இன்னும் ஒரு நூல் தாழ்வாகத்தான் இருக்கிறது.