நயீமின் பந்தலுக்கு வெளிச்சம்

சமையலறை ஜன்னல் கம்பிக்குள் நுழைந்த கறுப்பு வயரை சப்ரியா இரண்டு கையாலும் பிடித்து வெளியே தள்ளினாள். வெளியே நின்றவன் அதை மறுபடி உள்ளே தள்ளினான். அவளும் விடவில்லை.

"யக்கா, நான் ஹாஜி தாஹிர் ஆளு. பந்தலுக்கு லைன் குடுக்கச் சொன்னார். பிளக் பாயின்ட் எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"உன் ஹாஜி வீட்டுச் சுவத்துல இருக்கும். அங்க போய்ச் சொருகு."

வயர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பின்வாங்கியது.

முன்னறையில் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழும் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி எழுந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் ஒப்பாரிக்கு நடுவில் எழுந்துபோய் ஒரு வயரோடு மல்லுக்கு நிற்கிறாள், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

விடியும் முன்பே நயீமின் சவப்பெட்டியைக் கார்க் கூரையில் கட்டிப் புனித நகரமான நஜஃபுக்குக் கொண்டுபோனார்கள். அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் தாடியெல்லாம் புழுதியாகப் பிற்பகலில் திரும்பினார்கள். இனி மூன்று நாள் ஃபாத்திஹா ஓதித் துக்கம் அனுசரிப்பார்கள். தெருவை அடைத்துப் பந்தல் போட்டாயிற்று. கறுப்புத் துணியில் மஞ்சள் எழுத்தில் 'பொறியாளர் நயீம்' என்று எழுதித் தொங்கவிட்டாயிற்று. முற்றத்தில் காப்பிக்கு அடுப்பு மூட்டியாயிற்று. வெளிச்சத்துக்குத்தான் வழி இல்லை. அரசாங்க மின்சாரம் மத்தியானமே போயிருந்தது.

குர்னா என்ற அந்த ஊரில் அது போனால் ஹாஜி தாஹிர்தான் கதி. தெருமுனையில் லாரி அளவுக்கு உறுமிக்கொண்டு நிற்கும் அவருடைய ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்கு வீடு வயர் ஓடும். அவர் சொன்னதுதான் விலை. பல வருஷம் முன்பு நயீம் நட்டநடுத் தெருவில் ஏணி போட்டு ஏறித் தன் வீட்டு வயரை வெட்டிக் கீழே போட்டார். "மேக்கால எண்ணெய் வயல்ல ராப்பகலா நெருப்பு எரிஞ்சு வானத்துக்குப் போகுது. அந்தப் புகையை மூச்சுல இழுத்துக்கிட்டு, ஒரு விளக்குக்கு இவர்கிட்ட கையேந்தணுமா?" என்று ஏணியில் நின்றபடியே கேட்டார். தெரு முழுக்கக் கேட்டது. ஹாஜிக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் கம்பெனி. வீட்டை ஒட்டிய பட்டறையில் மூன்று பேர்: நயீம், மகள் ஹனா, கூட்டாளி யூனுஸ். ஒரு தகடு இருக்கும். அதன் ஒரு பக்கத்துக்குச் சூடும் மறுபக்கத்துக்குக் குளிர்ச்சியும் கொடுத்தால் நடுவில் மின்சாரம் பிறக்கும். ஓடுகிற பாகம் கிடையாது, சத்தம் கிடையாது. சதுப்பு நிலத்தில் எருமை மேய்க்கிறவர்கள் வறட்டி அடுப்பில் அதை வைத்து விளக்கு ஏற்றினார்கள், போனுக்குச் சார்ஜ் போட்டார்கள். என்றைக்காவது எண்ணெய் வயலின் நெருப்பிலேயே பெரிதாக ஒன்றை வைத்து ஊருக்கே விளக்குப் போடுவது நயீமின் ஆசை. ஊரின் ஆசை, அவரைப் பார்த்துச் சிரிப்பது.

சப்ரியாவும் சும்மா இருந்தவள் இல்லை. "ஆஸ்பத்திரியில கிடக்கிற நோயாளி மாதிரி என் அடுப்புல வயரைச் சொருகி வச்சிருக்கீங்களே" என்று கத்தாத நாள் கிடையாது. நேற்றும் கத்தினாள். சோறு ஆறுகிறது என்று பட்டறைச் சுவரைத் தட்டித் தட்டித் திட்டினாள். பதில் வரவில்லை. பதில் வராதது அந்த வீட்டில் புதிதில்லை என்பதால் இன்னும் கொஞ்ச நேரம் திட்டினாள். ஹனாதான் போய்ப் பார்த்தாள்.

சப்ரியாவுக்கு அழுகை இன்னும் வரவில்லை.

நயீமின் அண்ணன் ஜப்பார் முற்றத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு சப்ரியாவிடம் வந்தார்.

"ஹனாம்மா, வயரைத் திருப்பி அனுப்பிட்டியாமே. ஹாஜி நல்ல மனசோட குடுக்கறார். மூணு நாளும் காசு வேண்டாங்கறார். ஃபேன் ஓடும். பெரிய மனுஷங்க வர்ற இடம். வீம்பு பிடிக்கற நேரமா இது?"

"உங்க தம்பி பந்தலுக்கு அவர் மெஷினே விளக்குப் போடும் அண்ணே."

"எது, அந்த அடுப்புப் பொம்மையா? உயிரோட இருந்தப்போ ஊரே சிரிச்சுது. செத்தன்னிக்குமா சிரிக்கணும்?"

இதைவிட மோசமாக அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் அது அவள் உரிமை. அந்த மனிதனோடு குடும்பம் நடத்தியவள் அவள். அவன் மெஷினைத் திட்ட வேறு யாருக்கும் பாத்தியதை கிடையாது.

ஜப்பார் குரலைத் தாழ்த்தினார். "நாப்பதாம் நாள் முடிஞ்சதும் பட்டறையைக் காலி பண்ணிடலாம்னு இருக்கேன். இடம் எங்க ரெண்டு பேர் பேர்லயும்தானே இருக்கு. பழைய இரும்புக்காரன்கிட்ட பேசிட்டேன். ஹனாவுக்கும் ஒரு நல்லது நடக்கணும்ல."

பேசியும் ஆகிவிட்டது. மண் ஈரம் காயவில்லை, அதற்குள்.

"அண்ணே, ஓதறவர் இன்னிக்கு எழுந்திரிக்கற வரைக்கும் அந்த மெஷின்ல பந்தல் எரிஞ்சா, நீங்க பட்டறைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது."

"அணைஞ்சா?"

"நானே எடை போட்டு இரும்புக்காரனுக்குக் குடுக்கறேன்."

ஜப்பார் தோளைக் குலுக்கினார். "நீயே சொன்னது. அப்புறம் மாறக் கூடாது."

அவர் போனதும் ஹனா முன்னறையிலிருந்து வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "யாரைக் கேட்டும்மா பந்தயம் கட்டுனே? இது ஜூலை மாசம். தொட்டித் தண்ணி கையைச் சுடுது. குளிர்ச்சிக்கு நான் எங்க போவேன்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. போய் யூனுஸைக் கூப்பிடு."

பொழுது சாயும் நேரத்தில் யூனுஸும் ஹனாவும் காப்பி அடுப்பைச் சுற்றி மூன்று மெஷின்களைப் பொருத்தினார்கள். முற்றத்துக்கும் பந்தலுக்கும் நடுவில் ஒரு துணித் திரை மட்டும்தான். சப்ரியா அதன் ஓரத்தில் நின்று பார்த்தாள். வயரை இணைத்ததும் பந்தலில் பன்னிரண்டு விளக்கும் ஒன்றாக எரிந்தன. நாற்காலிகளில் இருந்த ஆண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கறுப்புச் சட்டை போட்ட ஒருவர், "நயீம் விடமாட்டான் போலிருக்கே" என்றார்.

காப்பி ஒரு சுற்று வருவதற்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

ஜப்பார் விறகை எடுத்து அடுப்பில் போட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விளக்கு மங்குகிறது என்றால் நெருப்பு போதவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். காப்பி ஊற்றுகிறவரும் ஒரு கட்டையைச் சொருகினார். விளக்குகள் சட்டென்று பிரகாசித்து, முன்னைவிட மங்கிப்போயின.

"பெரியப்பா, விறகை எடுங்க," என்றாள் ஹனா. "நெருப்பு இல்லாம இல்ல. அந்தப் பக்கமும் சூடாயிடுச்சு. ரெண்டு பக்கமும் சூடானா ஒண்ணுமே வராது."

யூனுஸ் தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினான். வெந்நீரில் வெந்நீர் ஊற்றினால் என்ன ஆகும். விளக்குக்குள் சிவப்பாக ஒரு நூல் மட்டும் தெரிந்தது.

ஹனா எழுந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு சமையலறைக் கதவோரம் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த ஐஸ் கட்டிகளைப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்க அவளுக்கு வாய் வராது.

கேட்கிற காரியமா அது. ஜூலை மாதத் துக்க வீட்டில் வருகிறவனுக்கு முதலில் நீட்டுவது குளிர்ந்த தண்ணீர். சோறு குறைந்தால் மன்னிப்பார்கள், காப்பி நீர்த்துப்போனால் மன்னிப்பார்கள். இறந்தவன் பெயரால் கொடுக்கும் தண்ணீர் சுட்டது என்றால், அந்தப் பேச்சு பேரன் பேத்தி காலம் வரை ஓயாது. அந்த ஆறு கட்டியையும் காலையில் சப்ரியாவே ஆள் அனுப்பி வாங்கி வைத்திருந்தாள்.

அவள் சாக்கை உருவினாள். முதல் கட்டியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்து அடுப்புப் பக்கத்தில் வைத்தாள்.

"ஹனாம்மா, குடிதண்ணி," என்றார் ஜப்பார், நம்ப முடியாமல்.

"தொட்டித் தண்ணியைக் குடுங்க."

"மனுஷன் குடிப்பானா அதை?"

"அவர் இருந்தவரைக்கும் நாங்க குடிச்சோம். ஒரு நாள் குடிச்சா யாரும் செத்துட மாட்டாங்க. செத்தவர் ஏற்கெனவே செத்துட்டார்."

ஐஸை உடைத்து மெஷின்களின் முதுகில் இருந்த தட்டுகளில் யூனுஸ் கொட்டினான். அவன் கையைத் துடைப்பதற்குள் பந்தல் வெளுத்தது. மூக்கு, மீசை, தஸ்பீஹ் மணி எல்லாம் தெரிந்தன. முதல் டம்ளரை வாங்கியவர் ஒரு வாய் குடித்து, முகம் சுளித்து, மேலே விளக்கைப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். வியர்வை சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது.

ஓதுபவர் வந்து உட்கார்ந்தார். மைக் இல்லை. அவர் வாய் அசைவது தெரிந்தது, குரல் வரவில்லை. தெருமுனையில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. முதல் வரிசைக்கே கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹாஜி தாஹிர் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பத்துப் பேர் பார்க்கும்படியாகத்தான் நின்றார்.

"தங்கச்சி, அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும். நயீம் என்னைப் பத்தி ஆயிரம் பேசினான். நான் மனசுல வைக்கல. வயர் வேண்டாம்னுட்டே, சரி. வேற எதுன்னாலும் கேளு. அப்பாஸ் மேல சத்தியமா, நயீமுக்காக இந்த ராத்திரி நீ கேட்டதைச் செய்வேன்."

புனிதர் அப்பாஸின் பெயரில் சத்தியம் செய்துவிட்டு அந்த ஊரில் யாரும் பின்வாங்க முடியாது. ஹாஜிக்கு அது தெரியும். பணம் கேட்பாள், அரிசி மூட்டை கேட்பாள் என்று நினைத்திருப்பார்.

"ஜெனரேட்டரை நிறுத்துங்க ஹாஜி," என்றாள் சப்ரியா. "ஓதறது கேக்கல. அவர் எழுந்திரிக்கற வரைக்கும்."

ஹாஜி முகத்தில் ஈயாடவில்லை. "தெரு பூரா இருட்டாயிடும்மா."

"ஆகட்டும்."

பத்துப் பேரும் ஹாஜியைப் பார்த்தார்கள். அவர் போனை எடுத்து, யாரிடமோ இரண்டே வார்த்தை பேசினார்.

உறுமல் இருமி இருமி நின்றது. தெருவில் ஒவ்வொரு ஜன்னலாக அணைந்தது. எத்தனையோ வருஷமாக அந்தத் தெரு கேட்டிராத அமைதி. அதற்குள்ளே ஓதுபவரின் குரல் வந்தது; மெல்லிய குரல்தான், கடைசி நாற்காலி வரைக்கும் போனது. குர்னாவின் அந்த மூலையில் வெளிச்சம் என்று இருந்தது நயீமின் பந்தல் மட்டும்தான். இருட்டைப் பார்த்து வீட்டை விட்டு வெளியே வந்தவர்கள் எல்லாம் அதை நோக்கி நடந்து வந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நாற்காலி போதவில்லை.

சப்ரியாவுக்கு அப்போதுதான் அழுகை வரப் பார்த்தது. அதற்கும் நேரம் கிடைக்கவில்லை. ஹனா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, ஐஸ் தீருது. அரைக் கட்டிதான் இருக்கு. அவர் இன்னும் பாதி கூட ஓதல."

ஐஸ் கடை இருட்டுத் தெருவில் மூடியாயிற்று. சப்ரியா முன்னறைக்குப் போனாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பெண்கள் விசிறிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்தச் சொன்னது நீதானாமே," என்றாள் எதிர்வீட்டு நஜீபா. "என் ஃப்ரீசர்ல ஒரு மாசத்து மீன் இருக்கு. உருகினா நீ தருவியா?"

"தரமாட்டேன். எடுத்துட்டு வா."

"என்னது?"

"எப்படியும் உருகத்தான் போகுது. அங்க உருகறது இங்க வந்து உருகட்டும். நயீம் உன் பிள்ளைக்கு ராப்பூரா முழிச்சு மூச்சு மெஷினுக்குக் கரண்ட் குடுத்தாரே, அப்போ அவர் கணக்குப் பார்த்தாரா?"

நஜீபா எழுந்து அபாயாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள். அவள் போனதும் இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தது. கல்லாக உறைந்த மீன், வெண்டைக்காய்ப் பை, பனி பூத்த தண்ணீர் பாட்டில்கள், யார் வீட்டுக் குழந்தையோ ஆசையாக வைத்திருந்த பழரச ஐஸ் குச்சிகள். ஹனா எதையும் பார்க்காமல் வாங்கித் தட்டுகளில் அடுக்கினாள். யூனுஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீடு என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"இதெல்லாம் ஹாஜி கரண்ட்ல உறைஞ்சது, தெரியும்ல," என்றாள் நஜீபா, மூச்சு வாங்க.

"காசு குடுத்துத்தானே உறைய வச்சே. உன்னுது."

விளக்கு ஒருமுறை நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை.

ஓதுபவர் முடித்து, கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார். ஆண்களும் எழுந்தார்கள். பந்தலில் பன்னிரண்டும் எரிந்துகொண்டிருந்தன. ஹாஜி தாஹிர் யாருக்கும் சொல்லிக்கொள்ளாமல் தெருமுனைப் பக்கம் நடந்தார்.

ஜப்பார் திரையை விலக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மெஷின் முதுகில் வாயைப் பிளந்து கிடந்த மீன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தம்பி மனைவியைப் பார்க்கவில்லை, ஹனாவிடம் கேட்டார்.

"நாளைக்கு எத்தனை கட்டி சொல்லணும்?"

ஹனா வாயைத் திறப்பதற்குள் சப்ரியா சொன்னாள். "பன்னண்டு. நாளைக்குக் குடிக்கவும் வேணும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

தெருமுனையில் ஜெனரேட்டர் மறுபடி உறுமத் தொடங்கியது. யூனுஸ் அடுப்பை அவிக்கப் போனான். "இருக்கட்டும், அதுவா அணையட்டும்," என்று சொல்லிவிட்டு சப்ரியா தட்டுக்குள் கையை விட்டு, உருகிய மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டாள். கடைசி மீனையும் எடுத்த பிறகு கையை வெளியே எடுக்கவில்லை. கறுப்புச் சட்டையின் கை முழங்கை வரை நனைந்திருந்தது.

"அம்மா, கை விறைச்சுப் போயிடும்," என்றாள் ஹனா.

சப்ரியா அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.