எமில்டா கார்னர்பேக் பார்க்கப் போனது

மாப்பிள்ளை பார்க்கக் கோயிலுக்குப் போனவர்கள் உண்டு. கலியாண வீட்டுப் பந்தியில் எதிரே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடி ஓரக்கண்ணால் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்துக்குப் போய் மாப்பிள்ளை பார்த்த குடும்பம், லண்டன் முழுக்கத் தேடினாலும், கோலியர்ஸ் வுட் அருமைநாயகி குடும்பம் ஒன்றாகத்தான் இருக்கும். அதுவும் 1989ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்த கையோடு, ஒரு டப்பா நிறையப் பொரித்த இறைச்சி ரோல்ஸும் ஒரு கறுப்புக் குடையுமாக.

போகவேண்டும் என்று அடம்பிடித்தவள் பெண்தான். எமில்டாவுக்கு இருபத்துநாலு வயது. டூட்டிங்கில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றிருந்தாள். ஒருவன் தன் காரைப் பற்றியே பேசினான். மற்றவன் வாயே திறக்கவில்லை, அவனுக்கும் சேர்த்து அவனுடைய அக்கா பேசினாள். மூன்றாவதாக வந்தவன்தான் செவன் கிங்ஸ் பக்கம் குடியிருந்த அமலதாஸ். மன்னார்க் குடும்பம், டெலிபோன் கம்பெனியில் வேலை, பங்குத்தந்தையே நல்ல வார்த்தை சொல்லியிருந்தார். அனுப்பிய படத்தில் கோட்டும் டையுமாக, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

பெண்ணும் பையனும் ஒருதடவை தொலைபேசியில் பேசலாம் என்று அருமைநாயகி பெரிய மனது பண்ணி அனுமதி கொடுத்தாள். கொடுத்துவிட்டு, மாடியிலிருந்த மற்ற ரிசீவரை எடுத்துத் தானும் கேட்டுக்கொண்டிருந்தாள். சனி ஞாயிறுகளில் என்ன செய்வீர்கள் என்று எமில்டா கேட்டதற்கு, அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடுவேன், கார்னர்பேக் என்றான் அவன். சொல்லிவிட்டு, இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தடுமாறினான்.

"ஆளோட ஆளா நிப்பீங்களோ, இல்லை இடத்தைக் காப்பீங்களோ?" என்று கேட்டாள் எமில்டா.

அவன் அந்தக் கேள்வியைத் தானும் ஒருதடவை சொல்லிப் பார்த்தான். பிறகு, "ஆளோட ஆள். துணைக்கு ஒருத்தரும் வரமாட்டினம்" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எமில்டாவுக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று பயமாகவும் இருந்தது.

அவளுக்கு அந்த விளையாட்டு தெரிந்ததில் அதிசயம் எதுவும் இல்லை. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு தாயும் மகளும் லண்டன் வந்து இறங்கியபோது, இந்த ஊரில் எல்லாமே மற்றவர்களுக்கு முன்பே தெரிந்த விஷயமாக இருந்தது. பஸ்ஸில் எப்படி நிற்பது, கடையில் எப்படி நன்றி சொல்வது, எல்லாவற்றிலும் அவள் ஒருத்திதான் பிந்தி வந்தவள். ஞாயிறு மாலைகளில் நாலாம் சானலில் காட்டிய அமெரிக்கன் ஃபுட்பால் மட்டும் வெள்ளைக்காரனுக்கும் புதிது. அவனுக்கும் அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். முழு இங்கிலாந்தோடும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து அவள் படித்த ஒரே பாடம் அது. நன்றாகவே படித்தாள். அதிலும் கார்னர்பேக் என்றால் அவளுக்கு உயிர். பந்தைப் பிடிக்க ஓடுகிற ரிசீவரின் நிழலாகக் கூடவே ஓடி, பிடிக்கவிடாமல் தடுப்பது அவன் வேலை. தடுத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கோட்டைவிட்டால் மைதானம் முழுக்கப் பார்க்கும்.

"நான் அவரின்ர விளையாட்டைப் பாத்துத்தான் பதில் சொல்லுவன்" என்றாள் தாயிடம்.

அருமைநாயகி தலையில் கைவைத்தாள். ஞாயிறு மாலை மாப்பிள்ளை வீட்டார் போன் எடுப்பார்கள். அதற்குள் ஓமோ இல்லையோ ஒன்று சொல்லியாக வேண்டும். இதையும் தட்டினால் இனிப் பங்குத்தந்தையின் முகத்தில் விழிக்க ஏலாது என்று புலம்பிவிட்டுச் சம்மதித்தாள். காரோட்ட அவளுடைய அண்ணன் செபமாலைமுத்து வந்தார்.

இந்தச் செபமாலைமுத்து செய்த காரியத்தைச் சொல்லியாகவேண்டும். பையனுக்குத் தெரியாமல் பார்ப்பதுதான் ஏற்பாடு. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒருவர் பிள்ளையைப் பார்ப்பது மரியாதை இல்லையே என்று, முதல் நாளே பையனின் தகப்பனுக்குப் போன் எடுத்து, "நாளைக்குச் சும்மா ஒருக்கா வந்து பாத்திட்டுப் போறம், பிள்ளைக்குத் தெரியவேண்டாம்" என்று சொல்லிவைத்துவிட்டார். நம்மவர்களுக்கு இதைவிட வேறு விளம்பரம் வேண்டுமா என்ன.

மைதானம் ஸ்ட்ரெதம் பக்கத்தில், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. மரப்பலகை போட்ட சின்னப் பார்வையாளர் மேடையில் ஆட்டக்காரர்களின் காதலிமாரும் இரண்டு நாய்களும் இருந்தார்கள். நடுவில் அருமைநாயகி, சாம்பிராணி மணம் மாறாத பட்டுச்சேலையோடு போய் உட்கார்ந்தாள்.

"உதில எது எங்கட பொடியன்? எல்லாம் மோட்டச்சைக்கிள் தொப்பி போட்டுக்கொண்டெல்லோ நிக்குதுகள்."

"சாம்பல் சட்டை, இருபத்தேழாம் நம்பர். போனில சொன்னவர்" என்றாள் எமில்டா.

"முகத்தைப் பாக்க வந்தா, முகத்துக்குக் கம்பி அடிச்சு வச்சிருக்கிறான்."

ஆட்டம் தொடங்கியது. அமலதாஸுக்கு எதிரே நின்ற ரிசீவர் செம்பட்டைத் தலை நெட்டையன், ஆளில் பாதி கால்தான். எமில்டா முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தாள். அமலதாஸ் பின்பக்கமாக ஓடத் தொடங்கினான். சின்னச் சின்ன அடி, குதிகால் நிலத்தில் படவில்லை, உடம்பு முன்னுக்கு வளைந்திருந்தது.

"மாமா, காலைப் பாருங்கோ."

செபமாலைமுத்து திடுக்கிட்டார். "ஏன் பிள்ளை, ஏதும் நொண்டலோ?"

"இல்லை மாமா, நல்ல கால். பின்னுக்கு ஓடேக்க தலை ஆடேல்லை பாத்தீங்களோ."

"பின்னுக்கு ஓடுற மாப்பிள்ளையோ எங்களுக்குத் தேவை?" என்றாள் அருமைநாயகி.

நெட்டையன் அவனைத் தாண்டிப் பாய்ந்தபோது அமலதாஸின் இடுப்பு சட்டென்று திரும்பியது. ஓர் அடியும் வீணாகவில்லை. பந்து வேறு பக்கம் போய்விட்டாலும் எமில்டாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. காலுக்கு முழுப் புள்ளி, இடுப்புக்கும் முழுப் புள்ளி என்று மனதுக்குள் போட்டுக்கொண்டாள். இனிக் கண் மட்டும்தான் மிச்சம். ரிசீவரின் தலை பொய் சொல்லும், தோளும் பொய் சொல்லும். இடுப்பு போகிற இடத்துக்குத்தான் ஆள் போவான். நல்ல கார்னர்பேக்கின் கண் அந்த இடுப்பை விட்டு அசையாது.

அமலதாஸின் கண் அசைந்தது. எங்கே அசைந்தது என்று பார்த்தால், நேரே மேடைக்கு. ஒவ்வொரு தடவை பந்து கிளம்புமுன்னும் ஹெல்மெட் இந்தப் பக்கம் திரும்பியது. ஒருதடவை கையும் மெல்ல உயர்ந்தது.

"கண்டியோ, எங்களைக் கண்டவுடன கை காட்டுறான். மரியாதை தெரிஞ்ச பிள்ளை" என்றாள் அருமைநாயகி. செபமாலைமுத்து குடையை உயர்த்திப் பதில் மரியாதை செய்தார்.

"மாமா, குடையைக் கீழ வையுங்கோ" என்றாள் எமில்டா. அவர் வைப்பதற்குள் நடக்கவேண்டியது நடந்துவிட்டது. அமலதாஸ் குடையைப் பார்த்து முடிக்குமுன் நெட்டையன் அவனைக் கடந்து போயிருந்தான். பந்து தூக்கி எறியப்பட்டது. நெட்டையன் ஆற அமரப் பிடித்துக்கொண்டு டச்டவுன் கோட்டுக்குள் நடந்தே போய் ஆறு புள்ளி எடுத்தான். எட்டிப் பிடிக்கப் பாய்ந்த அமலதாஸ் சேற்றில் குப்புற விழுந்து, எழும்பி, முதல் வேலையாக மறுபடியும் மேடையைப் பார்த்தான்.

"பாவம்" என்று உச்சுக்கொட்டினாள் அருமைநாயகி. "விழுந்தும் எங்களைத்தான் பாக்கிறான்."

எமில்டாவுக்கு அழுகை வராத குறை. கெட்டிக்காரன் இல்லை என்றால்கூடக் கவலைப்பட்டிருக்க மாட்டாள். இவ்வளவு கெட்டிக்காரன், யாரோ பார்க்கிறார்கள் என்பதற்காகத் தன் வேலையை விட்டுவிட்டு நிற்கிறானே என்றுதான் ஆத்திரம் வந்தது. காரைப் பற்றிப் பேசியவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

இடைவேளையில் செபமாலைமுத்து ரோல்ஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் தாய்.

"எனக்குச் சரிவராது போல கிடக்கு அம்மா."

"ஏனடி?"

"தன்ர ஆளைப் பாக்காமல் எங்களைப் பாக்கிறார்."

"மாப்பிள்ளை பொம்பிளை வீட்டாரைப் பாக்காமல் வேற ஆரைப் பாக்கிறது?" அருமைநாயகிக்கு மகளின் நியாயம் பிடிபடவே இல்லை.

செபமாலைமுத்து வெறும் டப்பாவோடு திரும்பி வந்தார். மாடு மாதிரி நாலு பேர் சுற்றிவந்து தின்றுவிட்டார்களாம், உறைப்பு என்று கண்ணீர் விட்டபடியே தின்றார்களாம். "எங்கட ஆள்தான் தொடேல்லை. எல்லாரும் உம்மைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம் தம்பி எண்டு சொன்னன். குனிஞ்சு சப்பாத்துக் கயிறை அவிட்டு அவிட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்."

எமில்டா கண்ணை மூடிக்கொண்டாள். மாமா எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டு வந்திருக்கிறார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. ஹெல்மெட் இப்போது திரும்பும் என்று பார்த்தாள். திரும்பவில்லை. தற்செயலாக இருக்கும் என்று அடுத்ததைப் பார்த்தாள். அதிலும் திரும்பவில்லை. நெட்டையன் தலையால் ஆசைகாட்டினான், தோளால் ஏமாற்றினான்; அமலதாஸ் அவனுடைய இடுப்பிலேயே கண்ணைக் குத்திவைத்துக்கொண்டு ஒட்டியபடியே ஓடினான். இரண்டு பந்து எறிந்து பார்த்தார்கள். ஒன்றைத் தட்டிவிட்டான். மற்றதைப் பிடிக்க நெட்டையனுக்குக் கை நீட்டக்கூட இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எறிவதையே நிறுத்திவிட்டார்கள். அமலதாஸின் ஆட்கள் நாலு புள்ளி முன்னுக்கு வந்தார்கள்.

எமில்டாவின் முகம் மலர மலர, பக்கத்தில் இரண்டு முகங்கள் சுருங்கிக்கொண்டு வந்தன.

"ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தும் ஒரு பார்வை இல்லை" என்றார் செபமாலைமுத்து.

"பெருமை பிடிச்சவன்போல" என்றாள் அருமைநாயகி. "இப்பவே இப்பிடி எண்டா, கட்டின பிறகு எங்களைத் திரும்பியும் பாப்பானோ. நீ சொன்னது சரி பிள்ளை. எங்களுக்கு உது வேண்டாம்."

"பேசாமல் இருங்கோ அம்மா."

ஆட்டத்தின் கடைசி எறி. எதிராளிகளுக்கு ஒரு டச்டவுன் கிடைத்தால் வெற்றி. வேறு வழியில்லாமல் நெட்டையனைத்தான் நம்பினார்கள். அவன் ஓடத் தொடங்கியது மேடைக்கு நேர் முன்னாலுள்ள ஓரக்கோடு வழியாக. பந்து வானத்தில் ஏறியது. செபமாலைமுத்துவுக்கு என்ன தோன்றியதோ, எழுந்து நின்று குடையை விரித்து ஆட்டி, "தம்பி, நாங்கள் இஞ்ச நிக்கிறம்" என்று தொண்டை கிழியக் கத்தினார். நாய்கள் இரண்டும் குரைத்தன. காதலிமார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நெட்டையனே ஒரு கணம் திரும்பிப் பார்த்தான்.

அமலதாஸ் பார்க்கவில்லை. நெட்டையனின் கை உயர்ந்ததும் தானும் எம்பி, இரண்டு கைக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்துப் பந்தை வெளியே தட்டினான். அது புல்லில் உருண்டு வந்து மேடைக்குக் கீழே நின்றது.

ஆட்டம் முடிந்தது. அவன் நெட்டையனுக்குக் கை கொடுத்துவிட்டு, தன் ஆட்களின் அணைப்பிலிருந்து கழன்று வருவதற்குள், அருமைநாயகி சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். காருக்குப் போவோம் என்று அண்ணனைத் துரத்திக்கொண்டிருந்தபோது, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி அமலதாஸ் மேடைக்குக் கீழே வந்து நின்றான். முகமெல்லாம் சேறு. படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தான். எமில்டாவைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தாயிடம் பேசினான்.

"மன்னிக்கோணும் அன்ரி. இடைவேளைக்குப் பிறகு நான் உங்கட பக்கம் பாக்கேல்லை. குறை நினைக்காதேங்கோ."

"ஏன் தம்பி பாக்கேல்லை?" அருமைநாயகியின் குரலில் இன்னும் முறுக்கு இருந்தது.

"பாத்தா ஆளை விட்டிடுவன் அன்ரி. முதல் பாதியில பாத்துத்தான் விட்டனான்." நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னான். "உங்கட மகளுக்கு இந்த விளையாட்டுத் தெரியும். பல்லிளிச்சுக்கொண்டு நிண்டு தோக்கிறவன் எண்டு அவ நினைக்கிறதைவிட, மரியாதை இல்லாதவன் எண்டு நீங்கள் நினைச்சாலும் பரவாயில்லை எண்டு யோசிச்சன்."

அருமைநாயகி மகளைப் பார்த்தாள்.

"ஓம் அம்மா" என்றாள் எமில்டா.

"என்ன ஓம்?"

"பின்னேரம் போன் வந்தா ஓம் எண்டு சொல்லுங்கோ."

செபமாலைமுத்து விரித்த குடையை மடக்க மறந்து நின்றார். அருமைநாயகி பெருமூச்சு விட்டாள். பங்குத்தந்தையின் முகத்தில் இனித் தைரியமாக விழிக்கலாம் என்ற நினைப்பு அந்த மூச்சில் பாதி. முழுக்க விளங்காத ஒரு சந்தோஷம் மிச்சப் பாதி. "அன்ரியை விடும் தம்பி, இனி மாமி எண்டு கூப்பிடும்" என்றாள்.

அமலதாஸ் தலையாட்டினான். கண் மட்டும் நிலத்தை விட்டு எழும்பவில்லை. அவனுடைய காதுமடல் சிவந்திருப்பதை எமில்டா பார்த்தாள். மேடைப் படியில் இறங்கி, காலடியில் கிடந்த பந்தை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"ஆட்டம் முடிஞ்சுது" என்றாள். "இனிப் பாக்கலாம்."