யாரும் பெயர் வைக்காத சாலை

சுசித்ரா ஏழு வருடமாக ஒரு ஊரின் தெருக்களில் போய்க்கொண்டிருந்தாள். அந்த ஊரின் பெயர் அவளுக்குத் தெரியாது.

அரூரில் ஒரு உரக்கடையின் மேல்மாடியில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபடியேதான் அந்தப் பயணம். எங்கோ வெளிநாட்டில் ஓடும் கார்களின் கேமரா எடுத்த படங்கள் திரையில் வரும். ஆள் தெரிந்தால் ஆளைச் சுற்றி ஒரு கட்டம் போட வேண்டும். சைக்கிள், நாய், சிக்னல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஓட்டுநர் இல்லாமல் ஓடப்போகும் வண்டிகளுக்கு உலகத்தை அடையாளம் காட்டும் வேலை அது. அறுபது பேர் அதைச் செய்தார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., தலைக்கு மேல் மின்விசிறி. கம்பைநல்லூரிலிருந்து பஸ் ஏறி வரும் சுசித்ராவுக்கு அது பெரிய விஷயம். அவள் குடும்பத்தில் வெயில் படாமல் சம்பாதித்த முதல் ஆள் அவள்தான்.

திரையில் மெல்லப் பனி விழும். இலையில்லாத மரங்களுக்குக் கீழே மஞ்சள் கோட்டு போட்ட ஒருவர் நாயோடு நடந்து போவார். வெளியே அரூர் வெயில் தகரக் கூரையில் பொரிந்துகொண்டிருக்க, அவளுக்குக் கைவிரல்கள் குளிரும். மாலையில் பஸ்சில் கண்ணயர்ந்தால் புளியமரங்களின் மேலும் பனி விழுந்துகொண்டிருக்கும். நிறுத்தம் வந்ததும் கண்டக்டர்தான் எழுப்புவார்.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் நவநீதன் எல்லோரையும் கூப்பிட்டார்.

"கட்டத்த இப்ப மெஷினே போட்டுக்குதாங்க. நாம போட்டதெல்லாம் பாத்துத்தான் அது கத்துக்கிச்சாம். சரிபாக்கறதுக்கு எட்டுப் பேரு இருந்தாப் போதும்னுட்டாங்க."

அந்த எட்டில் சுசித்ரா இல்லை. பக்கத்து நாற்காலி தேவிப்பிரியாவும் இல்லை. தேவிப்பிரியா அடுத்த வாரமே ஓசூரில் ஒரு செல்போன் தொழிற்சாலைக்குப் போய் விடுதியில் தங்கிக்கொண்டாள். சுசித்ரா வீட்டிலேயே இருந்தாள். சுவரில் பல்லி நகர்ந்தால் அவள் விரல் தன்னையறியாமல் அதைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்தது.

அவள் கணவன் முருகேஷ் சேலத்துக்கும் பெங்களூருக்கும் லாரி ஓட்டுகிறவன். பத்து நாள் பார்த்தான். பதினோராம் நாள் சொன்னான்: "வூட்ல குந்திக்கினு சுவத்தயே பாத்தா என்னா ஆவப்போவுது? பாப்பாவ உங்கக்கா வூட்ல வுட்டுட்டு வா. பெங்களூரு போய்ட்டு வரலாம்."

போனாள். திரும்பும்போது தொப்பூர் கணவாயில் விடிந்தது. மார்கழிப் பனி மலையிலிருந்து இறங்கி ரோட்டை மூடியிருந்தது. லாரிகள் வெள்ளைக்குள்ளிருந்து முளைத்து வெள்ளைக்குள்ளேயே கரைந்தன. திரையில் பார்த்த ஊருக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு. சாய்ந்து உட்கார்ந்து, எதுவும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேமரா இருந்தது. அதன்மேல் முருகேஷின் துண்டு.

"இது என்னாங்க?"

"ஓனரு மாட்டி வுட்டாரு. முன்னால ஆபத்துன்னா கத்துமாம். அது கத்த வேண்டிய எடத்துல கத்தாது. சும்மா நெழலப் பாத்துக் கத்தும். காது போவுது, அதான் மூடிட்டன்."

அவள் துண்டை எடுத்தாள். இரண்டு வளைவு தாண்டியதும் முன்னால் பனிக்குள் ஏதோ பெரிதாக, மங்கலாக அசைந்தது. கேமரா பேசாமல் இருந்தது. முருகேஷ் ஏற்கெனவே பிரேக்கில் கால் வைத்திருந்தான். பக்கத்தில் போனபின்தான் தெரிந்தது: வைக்கோல் போர் ஏற்றிய லாரி. பின்விளக்கு ஒன்றுகூட வெளியில் தெரியாதபடி வைக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது.

சுசித்ரா கொஞ்ச நேரம் அந்தக் கேமராவையே பார்த்தாள்.

"அதுமேல தப்பில்லீங்க," என்றாள். "அது வைக்கோல் வண்டியப் பாத்ததே இல்ல. யாரும் காட்டல."

ஊர் வந்ததும் லாரி முதலாளியிடம் கேட்டு, அந்தக் கேமராவிலும் அவருடைய மற்ற லாரிகளின் கேமராக்களிலும் பதிவானதையெல்லாம் வாங்கினாள். ஒரு வாரம் பழைய லேப்டாப்பில் கட்டம் போட்டாள். கரும்பு டிராக்டர், ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும் குரங்குகள், பழுதான லாரிக்குப் பின்னால் எச்சரிக்கைக்கு வைத்த கல்லும் தழையும். முருகேஷ் பக்கத்தில் உட்கார்ந்து, "இது வேன் இல்ல புள்ள, ஆடு ஏத்தற வண்டி. திடீர்னு நிக்கும்," என்று திருத்துவான்.

ஒருநாள் அவன் கேட்டான்: "நீ இவ்ளோவும் சொல்லிக்குடுத்து, அது நல்லா ஓட்டக் கத்துக்கிச்சின்னா, அப்பறம் நான் எங்க போறது?"

அவள் கை நின்றது. இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அறுபது பேர் எட்டாகக் குறைந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"வராதுன்னு சொல்ல மாட்டன். ஆனா அது தொப்பூரு எறக்கத்தத் தனியா எறங்கறதுக்கு ரொம்ப நாளாவும். அது வரைக்கும் உங்களமாரி ஆளு சொன்னாத்தான் அதுக்குத் தெரியும். அந்தச் சொல்றதயே ஒரு வேலையாக்கணும். அதத்தான் பாத்துக்கிட்டிருக்கன்."

முருகேஷ் திரையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நானூறு படங்களோடு அவள் நவநீதனிடம் போனாள். காலியான நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தக் கேமராவை விற்கிற பெங்களூர்க் கம்பெனிக்கு எழுதினார். மூன்று கடிதத்துக்குப் பதில் இல்லை. நான்காவதற்கு வந்தது. திரை வழியாக ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்க, சுசித்ரா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஆங்கிலம் வராத இடத்தில் படத்தைக் காட்டினாள். வைக்கோல் லாரி வந்தபோது அந்தப் பெண் கேட்பதை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தாள்.

சித்திரையில் ஒப்பந்தம் வந்தது. இரண்டு வருடத்துக்கு, பதினான்கு பேருக்கு வேலை. அதில் மூன்று பேர் லாரி ஓட்டி இடுப்பு போனவர்கள். படத்தைப் பார்த்து இது இன்னது, இப்படித்தான் திரும்பும் என்று சொல்வதற்கு. குழுவுக்குத் தலைமை சுசித்ரா. அறுபது எங்கே, பதினான்கு எங்கே என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பழைய பட்டியலை வைத்து ஒவ்வொருவருக்காகப் போன் செய்தாள். தேவிப்பிரியா ஓசூரிலிருந்து பேசினாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சி இதயும் மெஷினு எடுத்துக்கிட்டா?"

"எடுத்துக்கும் போலத்தான் தெரியுது. அதுக்குள்ள அதுக்குத் தெரியாத வேற ஒண்ணக் கண்டுபுடிக்கணும்."

தேவிப்பிரியா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். கடைசிவரை வரவில்லை.

முதல் நாள் காலை, புதிதாகச் சேர்ந்த கலைமணி என்ற பெண் கையைத் தூக்கினாள். அவள் திரையில் பனி மூடிய தொப்பூர் ரோடு. அதன் நடுவே ஒரு மரக்கதவு, நிலைப்படியோடு, தரைக்கு மேலே மிதந்து போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். வெகுநேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் கதவுக்கடியில் ஒரு பைக் சக்கரமும், பின்னால் உட்கார்ந்து கதவைப் பிடித்திருப்பவரின் நான்கு விரல்களும் தெரிந்தன.

"இதுக்கு லிஸ்ட்ல பேரே இல்லீங்கக்கா. என்னான்னு போடறது?"

சுசித்ரா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கதவு எந்த வீட்டுக்குப் போகிறதோ என்று ஒரு கணம் தோன்றியது. இடுப்பு போன ஓட்டுநர் ஒருவர் பின்னாலிருந்து குனிந்து, "காத்தடிச்சா அது எடப்பக்கமா சாயும்மா, அதயும் எழுதிக்க," என்றார்.

"எழுதிக்க," என்றாள் சுசித்ரா. "பேரு நாம வைக்கலாம்."