பத்து மணிப் பணம்

மணமை கிராமத்தில் அருணகிரியின் வீட்டிலிருந்து மாதந்தோறும் ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்குப் பத்தொன்பது ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் தாமாகக் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து, சவுக்குத் தோப்பு வழியாகப் போய்க் கடலில் இறங்கின. அந்தச் சமயத்தில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய்க்கு விற்றது. தாள்கள் காற்றில் பறக்கவில்லை. தரையோடு தரையாக, ஒன்றன்பின் ஒன்றாக, ரேஷன் கடை வரிசையைப் போல ஒழுங்காகப் போயின. கல்பாக்கம் பஸ் அவை கடக்கும்வரை நிற்கும். கடைசித் தாள் சாலையை விட்டு இறங்கியதும் கண்டக்டர் விசில் கொடுப்பார். ஆரம்பத்தில் ஒரு மாதம் டீக்கடைக் கண்ணாயிரம் ஒரு தாளைக் காலால் மிதித்துப் பிடித்துக் கல்லாவில் போட்டுக்கொண்டார். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அவருடைய கல்லாவில் இருந்ததெல்லாம், சில்லறை உட்பட, அந்த வரிசையின் வாலில் சேர்ந்துகொண்டு போனது. அதற்குப் பிறகு அந்தப் பணத்தை யாரும் தொடவில்லை.

அருணகிரி சிறுசேரி மென்பொருள் அலுவலகங்களுக்கு ஆள் ஏற்றும் கார் ஓட்டுகிறவர். பெருந்தொற்று வந்த வருடம் அலுவலகங்கள் மூடிக்கிடந்தன, கார் வாசலில் நின்றது, கார் மேல் இருந்த கடன் மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் தவணை தள்ளிப்போனதற்கே இரண்டு பேர் வந்து சாவியைப் பிடுங்கப் பார்த்தார்கள். பிறகு கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் மாமல்லபுரம் கிளையில் உட்கார்ந்து பேசி, எல்லாப் பாக்கியையும் ஒன்றாக்கி, ஐந்து வருடத்தில் அடைப்பதென்று முடிவானது. மாதம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. அந்த ஐந்து வருடமும் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறி கிடையாது. அருணகிரி ஒரே செருப்பை எட்டு முறை தைத்துப் போட்டார். அவர் மனைவி வேண்டா, ஐந்தாம் தேதி காலையில் அந்தப் பத்தொன்பது தாள்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, குலதெய்வப் படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டி, "நல்லபடியா போய்ச் சேரு" என்று சொல்லி அனுப்புவாள். பணம் வழியில் குறையக் கூடாது, வாங்குகிறவர் முகம் சுளிக்கக் கூடாது என்பது அவளுடைய வேண்டுதல். பத்து மணிக்குக் கிளையின் ஷட்டரைத் தூக்கும்போது அருணகிரி முதல் ஆளாக நிற்பார். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

கடைசித் தவணை கட்டிய வாரம், அவர் காரில் தினமும் நாவலூரிலிருந்து வரும் நரசிம்மன் என்ற கணக்கு அதிகாரி ஒரு யோசனை சொன்னார். "கடன் முடிஞ்சுதேன்னு கையை அவுத்து விட்றாதீங்க அருணகிரி. அந்த ஒன்பதாயிரத்து ஐந்நூறு இல்லாம வாழ அஞ்சு வருஷமா பழகிட்டீங்க. அதையே இனிமே உங்களுக்கு நீங்களே கட்டிக்கோங்க. பன்னிரண்டு மாசத்துல பொண்ணோட காலேஜ் ஃபீஸ் சேர்ந்துடும்." அந்த யோசனையில் பிழை ஒன்றும் இல்லை. மகள் விஜயகுமாரி அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தாள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் முதல் வருடக் கட்டணம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். வேண்டா தன் வீட்டில் மூன்றாவது பெண். இனிப் பெண்ணே வேண்டாமென்று அவளுக்கு அந்தப் பெயரை வைத்து, ஐந்தாம் வகுப்போடு வயலுக்கு அனுப்பிவிட்டார்கள். தனக்கு ஒரு மகள் போதும், அவள் வெள்ளைக் கோட்டுப் போட வேண்டும் என்று வேண்டா பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் சேமிப்பை அவள் அதே டின்னில் வைத்தாள். அதே மஞ்சள், அதே கற்பூரம். பழக்கத்தில் வாய் தானாக, "நல்லபடியா போய்ச் சேரு" என்றது. பத்து மணிக்கு மூடி திறந்துகொண்டது. தாள்கள் படி இறங்கி மாமல்லபுரம் சாலையில் திரும்பின. அருணகிரி பின்னாலேயே ஓடினார். தாள்கள் வழி கேட்கவில்லை. நிதி நிறுவனம் இருந்த மாடிப்படியில் ஏறி நின்றன. அங்கே இப்போது மணப்பெண் அலங்காரக் கடை இருந்தது. அதை நடத்தும் மேரி, தரையில் நின்ற பணத்தையும் வாசலில் மூச்சு வாங்கிய ஆளையும் பார்த்து, "லோன் ஆபீஸு செங்கல்பட்டுக்குப் போயி ஒரு மாசம் ஆவுதுண்ணா. கல்யாணப் பொண்ணு யாரு, இட்டாந்திருக்கியா?" என்று கேட்டாள். தாள்கள் சிறிது நேரம் படியிலேயே நின்றன. பிறகு இறங்கி, சுற்றுலா வந்தவர்களின் கால்களுக்கிடையே புகுந்து கடலுக்குப் போயின. அடுத்த மாதத்திலிருந்து மாமல்லபுரம்வரை போகும் சிரமத்தை விட்டுவிட்டு, ஊர்க் கடலிலேயே இறங்கத் தொடங்கின.

வேண்டா டின்னைக் கவிழ்த்து வைத்தாள். கற்பூரத்தை நிறுத்தினாள். பணத்தின் முன் உட்கார்ந்து, "தப்பா சொல்லிட்டேன், இது நம்ப டப்பு, எங்கியும் போவ வேணாம்" என்று எடுத்துச் சொன்னாள். பணம் கேட்கவில்லை. ஆட்டுக்கல்லின் அடியில் வைத்தார்கள், கல் புரண்டு வழிவிட்டது. கல்லூரியில் முன்கூட்டியே கட்டிவிடலாமென்று போனால், முதலில் மதிப்பெண் வரட்டும் என்றார்கள். மதுராந்தகத்தில் நெல் வியாபாரம் செய்யும் வேண்டாவின் தம்பி தமிழ்வாணனிடம் கொடுத்து வைத்தார்கள். அங்கிருந்து பணம் ரயிலேறிச் செங்கல்பட்டில் இறங்கி, பஸ் மாறி வந்து ஊர்க் கடலில் இறங்கியது. டிக்கெட் பரிசோதகர் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லையாம். "மாமா, உங்க டப்பு என் வூட்டாண்ட நிக்கல. புடிக்கப் போனா என்னியே மொறைக்குது. இன்னா பேஜாரு இது?" என்று தமிழ்வாணன் போனில் சொன்னான்.

நரசிம்மன் இதை நம்பாமல், ஒரு வங்கியில் ஐந்து வருடத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தானே வந்து ஆரம்பித்துக் கொடுத்தார். ஐந்தாம் தேதி அந்த வங்கியில் காசாளரின் இழுப்பறை திறந்து, பத்தொன்பது தாள்கள் துப்பாக்கிக் காவலரைக் கடந்து வெளியே போவதை அவரே லீவு போட்டுவிட்டு நின்று பார்த்தார். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார். மறுநாள் நரசிம்மன் வழக்கம்போல் காரில் சிறுசேரி வந்தார். இறங்கும்போது, "எனக்கும் வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருஷம் இருக்கு அருணகிரி. முடியறதுக்காகக் காத்துண்டு இருந்தேன்" என்றார்.

பணமாக இருந்தால்தானே போகும் என்று தை மாதம் ஒரு வெள்ளாடு வாங்கினார்கள். சரியாக ஒன்பதாயிரத்து ஐந்நூறு. விஜயகுமாரி அதற்கு முருங்கைக் கீரை ஒடித்துப் போட்டாள், கழுத்தில் பழைய ஐடி கார்டு நாடாவைக் கட்டினாள். ஐந்தாம் தேதி அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஆட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு ஆடு எழுந்தது. முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வந்தது. சாலையில் பஸ் நின்றது, கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். தோப்பில் விஜயகுமாரி சவுக்கு மரத்தை ஒரு கையால் கட்டிப்பிடித்தாள், பட்டைதான் உரிந்தது. முழங்கால் தண்ணீரில் ஒருமுறை ஆடு திரும்பிப் பார்த்துக் கத்தியது. இடுப்பளவு வந்ததும் கரையிலிருந்து வேண்டா, "வுட்றி! வுட்டுடி பாப்பா!" என்று அலறினாள். விஜயகுமாரி கயிற்றை விட்டாள். அன்று முழுவதும் அவள் உள்ளங்கையைத் திறக்கவில்லை. கடல் எதையும் திருப்பிக் கொண்டுவந்து போடவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் சேர்ப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அருணகிரி வண்டி ஓட்டினார், சம்பாதித்தார், ஐந்தாம் தேதி வாசல் கதவைத் தானே திறந்து வைத்தார். கதவைப் பூட்டினால் தாழ்ப்பாள் உடைகிறது, அதற்கு வேறு செலவு. ஐந்து வருடம் அடைத்த கடனுக்குக்கூட ஒரு முடிவு இருந்தது, இதற்கு இல்லை என்று அவர் கண்ணாயிரத்திடம் ஒருமுறை சொன்னார். "அண்ணாத்த, கடன் இருக்க சொல்ல உன் மூஞ்சி நல்லா இருந்திச்சி" என்றார் கண்ணாயிரம். அன்று டீக்குக் காசு வாங்கவில்லை.

மே மாதம் விஜயகுமாரிக்கு நல்ல மதிப்பெண் வந்தது. அதுதான் அந்த வருடத்தில் அந்த வீட்டுக்கு வந்த பெரிய கஷ்டம். கட்டணத்துக்குப் பத்து நாள் கெடு. தமிழ்வாணன் மதுராந்தகத்திலிருந்து வந்து, போட்ட சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

"பக்கத்து வூட்டு வரதனும்தான் மாசா மாசம் டிராக்டருக்குக் கட்றான். அவன் டப்பு கடலுக்கா போவுது? அதுக்குப் போவ ஒரு எடம் கீது மாமா. உன்னுதுக்கு இல்ல. அதான் அலையுது."

"அதுக்கு இன்னா பண்ண சொல்ற மச்சான்?"

தமிழ்வாணன் வாசலில் நின்ற காரைப் பார்த்தான். வேண்டாதான் எழுந்து போய்க் காரின் பதிவுச் சான்றை எடுத்து வந்து கணவன் முன்னால் வைத்தாள். கடன் முடிந்த அன்று அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, குலதெய்வப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

செங்கல்பட்டுக் கிளையில் ஹரிகிருஷ்ணன் என்ற இளைஞர் அவர்களைப் பழைய வாடிக்கையாளர் என்று அடையாளம் கண்டு தண்ணீர் கொடுத்தார். கார் மேலேயே புதிய கடன், மறுபடியும் ஐந்து வருடம், மறுபடியும் ஒன்பதாயிரத்து ஐந்நூறு, மறுபடியும் ஐந்தாம் தேதி. அருணகிரி காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது வேண்டா தயங்கி, "ஐயா, முடியவே முடியாத லோனு எதுனா கீதா?" என்று கேட்டாள். ஹரிகிருஷ்ணன் வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "இங்க வர்றவங்க முக்கால்வாசிப் பேரு அதத்தாம்மா வாங்கிட்டுப் போறாங்க" என்றார்.

கல்லூரிக் கட்டணம் அன்றே கட்டப்பட்டது. ஜூலை ஐந்தாம் தேதி விஜயகுமாரி விடுதிக்குக் கிளம்பினாள். வேண்டா டின்னை நிமிர்த்தி வைத்து, மஞ்சள் இட்டு, கற்பூரம் காட்டினாள். மகளைப் பார்த்துக்கொண்டே, "நல்லபடியா போய்ச் சேரு" என்றாள். பத்து மணிக்குத் தாள்கள் வெளியே வந்தன. சாலையோரத்தில் சற்று நின்றன. கடல் பக்கம் போகவில்லை. செங்கல்பட்டு பஸ் வந்ததும் விஜயகுமாரிக்குப் பின்னால் ஒவ்வொன்றாகப் படியேறின. பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது கண்டக்டர் அவளுக்கு மட்டும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். பணம் அவள் இருக்கைக்கு அடியில் அடுக்காக உட்கார்ந்திருந்தது. வளைவில் பஸ் சாய்ந்தபோது தாள்கள் அவள் பாதத்தில் வந்து இடித்தன. விஜயகுமாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே காலை ஒதுக்கி, அவற்றுக்கு இடம் விட்டாள்.