பழுப்புக் கொழுப்பும் ராஜப்ரியாவின் பட்டினியும்

1

என் மனைவி இரண்டு தோசை சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். உயர்ந்த நோக்கம் வேறு எதுவும் கிடையாது.

காரைக்குடியில் எனக்கு நகைப்பட்டறை. வேலை இல்லாத மதியங்களில் கதை எழுதுவேன். முதல் வாசகி ராஜப்ரியா. அவள் சரி என்றால்தான் எதுவும் வெளியே போகும். பதினொரு நாளாக அவள் ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். அதுவும் வெள்ளரிக்காயும் மோரும்.

2

தொடக்கம் ஒன்று: ‘சித்திரை வெயிலில் ஊரே விசிறிக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் போர்வைக்குள்...’

(நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்த ஒருத்தி, இருபது வருடம் மின்விசிறியை ஐந்தில் வைத்து என்னை நடுங்கவிட்டவள். இப்போது அவளே அதை அணைக்கச் சொல்கிறாள். நேற்றுக் காலை அடுப்படியில் தள்ளாடிச் சுவரைப் பிடித்தாள். எனக்கு அழகான வாக்கியம் எழுத மனம் வரவில்லை. பயமாக இருக்கிறது.)

தொடக்கம் இரண்டு: ‘ஈஸ்வரன் என்ற நகைப் பத்தர், மனைவி மேல் உயிரையே...’

(அடித்துவிட்டேன். ஈஸ்வரன் ரொம்ப நல்லவனாக வருகிறான். அவன் நான்தான் என்பதால் இது நம்பும்படி இல்லை.)

3

நடந்தது இதுதான். கோவிலூரில் ராஜியின் தம்பி மனைவி சித்ராவுக்கு வளைகாப்பு. வந்த பெண்களுக்கெல்லாம் வளையல் கொடுத்தார்கள். யாரோ ராஜியிடம் ஒரு டஜனை நீட்டினார்கள். தொழில் பழக்கம் பாருங்கள், நான் ஒரு கையைப் பார்த்தாலே வளையல் அளவு சொல்லிவிடுவேன். சொன்னேன்.

“அது ஏறாது. கல்யாணத்தப்ப ராஜிக்கு ரெண்டு நாலு. இப்ப ரெண்டு பத்து!”

கூடம் சிரித்தது. ராஜியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றாள்.

4

(கட்டுரை போல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

உடம்பில் வெள்ளைக் கொழுப்பு சக்தியைச் சேமித்து வைக்கும். பழுப்புக் கொழுப்பு என்று இன்னொன்று கழுத்தோரம், தோள்பட்டைப் பக்கம் கொஞ்சமாக இருக்கிறது. அது கொழுப்பை எரித்துச் சூடு தரும். இதைச் சொன்னது ராஜியின் தங்கை தீபலட்சுமி. எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள்.

“எலியப் பட்டினி போட்டா, அந்தக் கொழுப்பு சூடு தர்றதக் கொறச்சுக்கிருது அத்தான். இருக்குறத மிச்சம் பிடிக்கத்தான். குண்டு எலிக்கு அது ஏற்கெனவே மந்தமாத்தான் இருக்கும்.”

“அப்ப ஒங்க அக்காவுக்குக் குளிர்றது இதனாலதானா?”

“அடிச்சுச் சொல்ல மாட்டேன். மனுசரு எலி இல்லையே. ரத்தச்சோகையாக்கூட இருக்கலாம். மொதல்ல டாக்டருட்டக் கூட்டிட்டுப் போங்க. எலியாச்சும் நான் பட்டினி போட்டுத்தான் கெடக்கு. அக்கா எதுக்குக் கெடக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?”

5

முடிவு அ: விஞ்ஞானம் கேட்டு ராஜி மனம் மாறித் தோசை சாப்பிடுகிறாள்.

(அவளைத் தெரிந்த எவரும் நம்ப மாட்டார்கள்.)

முடிவு ஆ: கணவனும் பட்டினி கிடக்கிறான்.

(முயன்றேன். பதினொரு மணிக்குப் பட்டறைக்கு வடை வந்துவிட்டது.)

முடிவு இ: ‘அவள் எந்த அளவில் இருந்தாலும் அவனுக்கு அவள்...’

(இதோடு நிறுத்தி, அவளிடம் கொடுத்தேன்.)

6

போர்வையோடு உட்கார்ந்து படித்தாள். எலி வந்த இடத்தில் சிரித்தாள். வடைக்கு முறைத்தாள். பிறகு தாள்களை முதலிலிருந்து இன்னொரு தடவை புரட்டினாள்.

“என்ன தேடுற?”

“மன்னிப்புன்னு ஒரு வார்த்தை எங்குட்டாச்சும் இருக்கான்னு பாக்குறேன். கொழுப்பு இருக்கு, எலி இருக்கு, வடை இருக்கு. அது மட்டும் இல்லையே.”

“அதுக்காகத்தான இம்புட்டும் எழுதுனேன்?”

“நாலு பேரு முன்னாடி வாய் நெறையச் சொன்னீக. இத மட்டும் எனக்குத் தனியா, தாள்ல காட்டுறீகளா?”

இருபது வருடமாக என் கதைகளைத் திருத்துகிறாள். ஒரு தடவைகூடத் தப்பாகத் திருத்தியதில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை கோவிலூர் போகிறோம். அதே கூடம், அதே ஆட்கள். அதற்கு முன் உங்களிடம் சொல்லிப் பழகிக்கொள்கிறேன், கேளுங்கள்.

ராஜி, உன் உடம்பைப் பற்றி ஊரார் முன் பேச எனக்கு உரிமை இல்லை. தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

இதுவரை எழுதியதெல்லாம் அவள் படித்து, போகட்டும் என்று விட்டவை. அவள் சாப்பிட்டாளா இல்லையா என்பதை எழுத மாட்டேன். எழுதினால், மறுபடியும் அவள் உடம்பைப் பற்றி நாலு பேரிடம் நானே சொன்னதாகிவிடும்.